குப்பைமேட்டுக் காளானும் உடைத்த பானையும்

போன மாசியில் என் பெரியப்பா மகனுக்குப் படத்திறப்பு நடந்தது. பந்தல், மைக், வாடகை நாற்காலி எல்லாம் ஜோராகத்தான் இருந்தது. பேச வந்தவர்களில் ஒருவர் எங்கள் ஊர்க்காரர்கூட இல்லை. அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் அண்ணன் தலைமறைவாக இருந்தபோது, கல்வராயன் மலையில் ஒருத்தி அவருக்குச் சோற்றில் விஷம் வைத்தாள். அந்த விஷத்தையே ஜெயித்து வந்தவர் நம் அண்ணன்!”

கூட்டம் கை தட்டியது. செத்துப்போன மனுஷனின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து கை தட்டினார்கள்.

நான் எழுந்து “பொய்” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை கத்தினேன். “எவளும் விஷம் வைக்கல. அவரே பறிச்சாரு, அவரே துன்னாரு. நான் கூட இருந்தேன்.” முன்வரிசையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் அக்கா மகன் ஓடிவந்து தோளை அழுத்தி உட்காரவைத்தான். “மாமா, எழவு வூட்ல வந்து இன்னா பேசுற நீ?” என்றான். பக்கத்து நாற்காலியில் அவன் அப்பா, அதாவது என் அக்கா புருஷன், தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அன்றைக்கு அந்த மலையில் இருந்தவர். அவரும் அதைத் தின்றவர். வாயைத் திறக்கவில்லை.

அக்கா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. பேசாமல் போகட்டும். நான் எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கம். கரும்புதான் பிழைப்பு. இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டை மறித்த வருஷம் எனக்கு இருபத்துநாலு வயது. நாங்கள் கேட்டதில் தப்பே இல்லை. அதை அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். எங்கள் ஊரில் படித்தவனை விரல் விட்டு எண்ணலாம். ஆபீஸ் வாசலில் நின்றால் எங்களை நிற்கவைத்தே அனுப்புவார்கள். ‘நாங்களும் மனுஷங்கதான்’ என்று சொல்லத்தான் ரோட்டுக்கு வந்தோம். புரட்டாசி மாதம். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டோம். பஸ் இல்லை, லாரி இல்லை. அதற்குப் பிறகு போலீஸ் ஊர் ஊராக வந்தது. ஆம்பிளை என்று யாரைப் பார்த்தாலும் வண்டியில் ஏற்றினார்கள். எங்கள் ஊர் ஆம்பிளைகள் கரும்புக்காட்டுக்குள் ஓடினார்கள்.

நாங்கள் மூன்று பேர் மலைக்கு ஓடினோம். அண்ணன், மாமா, நான். அண்ணன் என்று நான் சொல்வது பெரியப்பா மகனை. மறியலுக்கு எங்கள் ஊரில் அவர்தான் முன்னால் நின்றார். தைரியசாலி, அதில் சந்தேகம் இல்லை. மாமா என்பது அக்கா புருஷன். ரோட்டைத் தொடாமல், வயல் வழியாகவும் ஓடை வழியாகவும் சங்கராபுரம் பக்கம் சுற்றிக்கொண்டு போனோம். மலை ஏறி முடிக்க ஒரு பகலும் மறுநாள் பாதியும் ஆயிற்று.

யார் வீட்டுக்குப் போனோம் என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஒவ்வொரு தையிலும் எங்கள் கரும்பை வெட்ட மலையிலிருந்து ஆட்கள் இறங்கி வருவார்கள். வரப்பு மேட்டில் கரும்புத் தோகையால் குடிசை போட்டுக்கொண்டு சித்திரை வரை கிடப்பார்கள். அதில் ஒரு புருஷன் பெண்டாட்டி வருஷம் தவறாமல் எங்கள் நிலத்துக்கு வருவார்கள். ஒரு நாளும் எங்கள் வாசற்படி ஏறியதில்லை. கொஞ்சம் குழம்பு வேண்டுமென்றால் பின்பக்கம் வந்து பாத்திரத்தோடு நிற்க வேண்டும். அந்த அம்மா நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டுக்குத்தான் போனோம். நேராக உள்ளே போய்ப் பாயில் படுத்தோம். ‘வரலாமா’ என்றுகூடக் கேட்கவில்லை.

அந்த அம்மாவுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அன்றைக்கு நாங்கள் ‘அவ’, ‘இவ’ என்றுதான் பேசினோம். இப்போது அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை.

அவர் கணவர் எங்களைப் பார்த்ததும், “வாங்க வாங்க. இன்னா இம்மாந்தூரம்?” என்றார். விஷயத்தைச் சொன்னோம். “இருங்க. எத்தினி நாளானாலும் இருங்க” என்றார். உள்ளே எங்களை விட்டுவிட்டு அவர்கள் தாழ்வாரத்தில் படுத்தார்கள். சாமைச்சோறும் கீரையும் போட்டார்கள். இருந்த சாமையை ஐந்து வயிற்றுக்குப் பங்கு போட்டால் எவ்வளவு வரும்?

மறுநாள் விடியும் முன் இடி இடித்து மழை பெய்தது. வெளுத்ததும் அந்த அம்மா கூடையும் ஒரு குச்சியும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். அண்ணன் என்னைக் கிள்ளினார். “பின்னாலயே போ. கீழ எறங்கிப் போயி எவனாண்டயாவது சொல்லிட்டா?” வேவு பார்க்கத்தான் போனேன். சோறு போட்டவரை வேவு பார்க்கப் போனேன்.

நூறு அடி போனதும் அவர் திரும்பிப் பார்த்தார். “இன்னாங்க, நான் போலீசாண்ட போறேனான்னு பாக்க வந்தீங்களா?”

“இல்ல, சும்மாத்தான்.”

“சும்மா வந்தா கூடைய தூக்கிக்கினு வாங்க.”

கூடையைத் தூக்கினேன். கரையான் புற்று ஒன்றின் அடியில் வெள்ளை வெள்ளையாகக் காளான் முளைத்திருந்தது. எங்கள் ஊரில் இருந்தால் பிடித்து வெடுக்கென்று பிடுங்குவோம். அவர் பிடுங்கவில்லை. குச்சியால் சுற்றிலும் மண்ணைத் தோண்டினார். தண்டு மண்ணுக்குள் வால் மாதிரி நீண்டு, புற்றுக்குள்ளே போயிற்று. ஒரு முழம் இருக்கும். முனை வரை உடையாமல் எடுத்தார்.

“தலையப் பாத்து ஏமாறாதீங்க. தல எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும். காலைப் பாக்கணும். புத்துக்குள்ள வால் போனாத்தான் இது. வால் இல்லன்னா வுட்டுட்டு வந்துகினே இருக்கணும்.”

குடையின் நடுவில் மொட்டையான ஒரு மூக்கு இருந்தது. அந்த மூக்குதான் மண்ணைக் குத்திக்கொண்டு மேலே வருமாம். அதையும் தடவிப் பார்த்தார். அதற்குப் பிறகு ஒவ்வொன்றையும் நெடுக்காகக் கிழித்தார், மோந்து பார்த்தார். ஊசி குத்தின மாதிரி ஓட்டை தெரிந்தால் எறிந்தார். விரிந்து, தண்ணீர் ஏறி, சொதசொதவென்று இருந்ததையும் எறிந்தார். கூடையில் பாதி போயிற்று. பசியில் இருந்த எனக்கு வயிறு எரிந்தது.

“நல்ல காளான்தானே அதெல்லாம்? ஏன் எறியிறீங்க?” இதுதான் அவரிடம் நான் முதல்முதலாக ‘ங்க’ போட்டுப் பேசியது.

“நல்ல காளான்தான். நேத்தே துன்னிருக்கணும். இப்ப அது பூச்சியோடது. வயித்துக்குள்ள போனப்புறம் பொறுக்கி எடுக்க முடியாதுங்க.”

புற்றில் நாலைந்தைத் தோண்டாமல் விட்டுவிட்டு எழுந்தார்.

வெங்காயமும் மிளகாயும் போட்டு மண்பானையில் வதக்கினார். வாசனை எங்களை உட்காரவிடவில்லை. மூன்று பேரும் இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். அந்த அம்மா எங்களுக்குப் போடவில்லை. தனக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு எங்கள் முன்னாலேயே தின்றார். தின்று முடித்துவிட்டு உரலில் சாமை குத்த உட்கார்ந்துவிட்டார்.

அண்ணனுக்கு மூக்குமேல் கோபம். “பொம்பள துன்னுட்டு அப்புறம் ஆம்பளைக்குப் போடுறத இங்கதான்யா பாக்குறேன்.”

கணவர் சிரித்தார். “அவதானே பறிச்சா? எங்க வூட்ல பறிச்சவங்கதான் மொதல்ல துன்னணும். மத்தவங்க ரொம்ப நாழி கழிச்சுத்தான் துன்னணும்.”

“எதுக்கு?”

“தப்பாப் பறிச்சிருந்தா பறிச்சவங்களோட போவட்டும்.”

அந்தச் சாமை குத்தி முடிந்த பிறகுதான் எங்களுக்குப் போட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி ஒன்றைத் தின்றதில்லை. மாமா இலையை நக்கினார். அண்ணன் மட்டும், “எங்கூர்லயும்தான் கெடக்குது. கெணத்து மேட்டுல வண்டி வண்டியா மொளைக்கும். நாங்கதான் சீந்துறதில்ல” என்றார். கேட்டவர்கள் இலையை வழிப்பதிலேயே இருந்தார்கள். அதுதான் அவரைக் குடைந்திருக்க வேண்டும். ஊரில் அவர் பேசினால் நாலு பேர் தலையாட்டுவார்கள். இங்கே ஒரு கரும்பு வெட்டும் பெண் சொன்னதற்கு எல்லாரும் தலையாட்டிக்கொண்டு இருந்தோம்.

மூன்றாம் நாள் காலையில் அண்ணன் தானே கிளம்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் துண்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தார். தாழ்வாரத்தில் துண்டை விரித்து எல்லாவற்றையும் கவிழ்த்து அடுக்கினார். ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அகலம். வெள்ளைக் குடை, மேலே பழுப்பாகச் செதில் செதிலாக. “எப்டி? அவ கொணாந்தது சுண்டக்கா மாதிரி. இது பாரு” என்றார். மாமா வாயைப் பிளந்தார். நானும்தான்.

அந்த அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். வெயில் ஏறித்தான் திரும்பி வந்தார். குடத்தை இறக்கிவிட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

“இது எங்க மொளைச்சுது?”

“மாட்டுக் கொட்டா பக்கத்துல.”

“குப்பைமேட்லயா? இது வேணாங்க.”

“குப்பையில மொளைச்சா கீரை துன்றதில்லையா நீங்க?”

“வாலே இல்ல பாருங்க. அடி குண்டா கெடக்குது. தண்டுல வளையம், தோ, மேலயும் கீழயும் நவுருது. புத்துக்காளானுக்கு இது கெடையாது.” பிறகு கவிழ்ந்து கிடந்த பெரிய குடை ஒன்றைத் தூக்கினார். வெள்ளைத் துண்டில் அது இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கறை. மஞ்சளும் பச்சையும் கலந்த பொடி. “இது பச்சையாக் கொட்டுது. இந்த மாதிரி கொட்டுறத மாடுகூட மோந்து பாக்காது.”

நான் அந்தக் கறையைப் பார்த்தேன். மாமாவும் பார்த்தார். அண்ணன் துண்டை ஒரு உதறு உதறினார்.

“கரும்பு வெட்ட வர்றவ எனக்குக் காளான் சொல்லிக் குடுக்குறியா? ஏய், விஷமா இல்லையான்னு பாக்க எனக்குத் தெரியும்.”

எங்கள் பக்கத்தில் ஒரு முட்டாள்தனம் உண்டு. காளானைக் கொதிக்கவைக்கும்போது வெள்ளியைப் போடுவார்கள். வெள்ளி கறுத்தால் விஷமாம், கறுக்கவில்லை என்றால் நல்லதாம். யார் சொன்னது, யார் பார்த்தது என்று எவனும் கேட்டதில்லை. படித்தவனும் சொல்வான், படிக்காதவனும் சொல்வான். இன்றைக்கும் எங்கள் தெருவில் சொல்கிறார்கள். கேட்டால் செருப்பால் அடிக்கலாம் போல இருக்கும். எங்கள் மூன்று பேரிடமும் வெள்ளிக் காசு இல்லை. அண்ணன் திரும்பி நின்று வேட்டிக்குள் கை விட்டு, இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாணைக் கழற்றினார்.

மாமா முகம் சுளித்தார். “மச்சான், அதக் கழுவியாவது போடுங்க.”

“கொதிக்கிற தண்ணியில போனா எல்லாம் சுத்தந்தான்.”

அந்த அம்மா சமைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். தன் அடுப்பையும் தரவில்லை. விளிம்பு உடைந்த ஒரு பழைய பானையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். “ஆக்கித்தான் ஆவணும்னா வெளிய கல்லு வெச்சு இதுல ஆக்கிக்கோங்க.”

மாமாதான் சமைத்தார். காளானோடு அரைஞாணும் கொதித்தது. கரண்டியால் அதைத் தூக்கி அண்ணன் எல்லோருக்கும் காட்டினார். “பாத்தியா? வெள்ளி மாதிரி மின்னுது!”

கணவர் மெல்லச் சொன்னார்: “அது வெள்ளிதானுங்களே.”

மாமா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்த அம்மா குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, “பறிச்சவங்க மொதல்ல துன்னுங்க. மத்தவங்க இருங்க” என்றார். அதைச் சொல்லிவிட்டு எட்டப் போய் உட்கார்ந்தார். கணவரும் வரவில்லை.

அண்ணன்தான் முதலில் தின்றார். இரண்டு முறை வாங்கித் தின்றார். “சும்மா கறி மாதிரி இருக்குது. இன்னாடா பாக்குற, பயந்தாங்கொள்ளி?” என்று என்னைக் கேட்டார். அந்த அம்மா சொன்னபடி காத்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். நாங்கள் காத்திருக்கவில்லை. அந்தப் பச்சைக் கறையைப் பார்த்த பிறகும் நான் நாலைந்து துண்டு தின்றேன். ‘பயந்தாங்கொள்ளி’ என்ற அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து தின்றேன். என் முட்டாள்தனத்தையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. முதலில் அண்ணன் எழுந்து ஓடினார். வேலி வரை போகவில்லை. மேலும் கீழும் பிடுங்கியது. அடுத்தது மாமா. பிறகு நான். குடல் கழன்று வருகிற மாதிரி வாந்தி. எழுந்து போக முடியாமல் கிடந்த இடத்திலேயே போயிற்று. புளியமரத்தை வெட்டி ரோட்டை மறித்த வீரர்கள் மூன்று பேரும் குழந்தை மாதிரி கிடந்தோம். கீழே ஆஸ்பத்திரிக்கு இறங்க முடியாது. ரோட்டில் நாங்களே போட்ட மரங்கள் கிடந்தன. அதைத் தாண்டினால் போலீஸ்.

அந்த அம்மாதான் எல்லாவற்றையும் அள்ளினார். கஞ்சித்தண்ணீரில் உப்புப் போட்டு, தலையைத் தூக்கிப் பிடித்து, வாய் வாயாகக் கொடுத்தார். எங்கள் வேட்டிகளை ஓடையில் கொண்டுபோய்த் துவைத்தார். அவர் கணவர் வெள்ளிமலை வரை நடந்து போய், தன் பெண்டாட்டிக்கும் குழந்தைக்கும் வயிற்றுப்போக்கு என்று பொய் சொல்லி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புப் பொட்டலம் வாங்கிவந்தார். எங்களைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அந்தப் பொய். பின்வாசலில் பாத்திரத்தோடு நிற்கவைத்த வீட்டு ஆம்பிளைகளுக்கு இரண்டு நாள் பீ அள்ளினார் என்பதை வேறு மாதிரி நாகரிகமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் எழுந்து உட்கார்ந்த அன்று, வாசலில் கிடந்த அந்தப் பானையை அந்த அம்மா எடுத்தார். பாறையில் ஓங்கிப் போட்டு உடைத்தார். ஓடுகளைக் குழியில் தள்ளி மண்ணைப் போட்டு மிதித்தார். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

நிலைமை கொஞ்சம் அடங்கியதும் கீழே இறங்கினோம். அண்ணன் பாதி ஆளாகியிருந்தார். டீக்கடையில் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். “இன்னா மச்சான், இப்டி எளச்சிட்ட?” என்று கேட்டார்கள். அண்ணன் ஒரு மடக்கு டீ குடித்தார். குப்பைமேட்டில் காளான் பறித்து, அரைஞாணோடு வேகவைத்துத் தின்று, வேட்டியில் போனேன் என்று எந்தத் தலைவன் சொல்வான்? “சோத்துல எதையோ வெச்சுட்டா அந்த மலைக்காரி. போலீசுகாரன் சொல்லி வெச்சிருப்பான்” என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மாமாவும் நின்றிருந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அதுதான் பேச்சு. நாலு நாளில் பக்கத்து ஊர்களுக்கும் போயிற்று. போகப் போகக் கை கால் முளைத்தது. அவ மட்டும் தின்னலையாம். தின்ற பிறகு பானையை உடைத்துப் புதைத்துவிட்டாளாம். இரண்டும் உண்மை. அதுதான் என்னை இன்றைக்கும் எரிக்கிறது. வேண்டாம் என்று சொன்னவர் தின்னாமல் இருந்ததையே எடுத்து அவர் கழுத்தில் மாட்டினார்கள்.

மார்கழிக் கடைசியில், வெட்டுக்கு ஆள் பேசும் சமயத்தில், அந்த மலை ஊர்க்காரர்கள் வழக்கம்போல இறங்கி வந்தார்கள். கோயில் முன்னால் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ‘இந்த ஊர் ஆட்கள் இனிமேல் வேண்டாம்’ என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வீட்டை மட்டும் அல்ல, அந்தச் சின்ன ஊரையே. பொழுதுக்கும் நடந்து வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு நின்றார்கள். வருஷத்தில் அவர்கள் கண்ணால் பார்க்கும் கூலி இந்த வெட்டுதான். அந்த அம்மா முன்னால் வந்தார்.

“இன்னா தப்பு செஞ்சோம்னு சொல்லுங்க.”

ஒரு பெரியவர் கேட்டார்: “அன்னிக்கு நீ துன்னியா?”

“துன்னலைங்க.”

“பானைய ஒடச்சியா?”

“ஒடச்சேன்.”

“அப்புறம் இன்னா பேச்சு? போ.”

அவர் போகவில்லை. “அன்னிக்கு மொதல்ல துன்னது யாரு? அத மட்டும் கேளுங்க.”

கூட்டம் சிரித்தது. “விருந்தாளி மொதல்ல துன்றது ஒரு குத்தமாடி?” என்றான் ஒருவன். “ஒங்கூர்ல விருந்தாளி கடைசியாத்தான் துன்னுவாங்களா?” என்றான் இன்னொருவன். அவர்களுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. அந்த வீட்டில் முதலில் தின்றவன்தான் பறித்தவன் என்பது எங்கள் ஊரில் எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாமா அன்றைக்குக் கூட்டத்துக்கே வரவில்லை.

அந்த அம்மா அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கூடையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தவன் நான்தான். வாலையும் வளையத்தையும் பச்சைப் பொடியையும் பார்த்தவன். நான் வாயைத் திறந்து ஒரு வரி சொன்னால் போதும்.

சொல்லவில்லை. அண்ணன்மேல் கேஸ் இருந்தது. அதே கேஸில் என் பெயரும் இருந்தது. இந்த நேரத்தில் நம்ம ஆளை நாமே விட்டுக்கொடுக்கலாமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒற்றுமை என்று ஒரு வார்த்தை வைத்திருந்தோம். எல்லா அழுக்குக்கும் அது ஒன்றுதான் மூடி. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தலையைத் தூக்கியபோது அவர்கள் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்கள்.

மனுஷனாக மதிக்கச் சொல்லித்தான் ரோட்டை மறித்தோம். அடுத்த மூன்றே மாதத்தில் நாங்கள் செய்த காரியம் இது. போராட்டத்தைக் குறை சொல்கிறேன் என்று யாராவது இதைத் திருப்பினால் அவனோடு எனக்குப் பேச்சில்லை. போராட்டத்தில் குறை இல்லை. குறை எங்களிடம் இருந்தது.

அந்த வருஷத்திலிருந்து எங்கள் கரும்பை வேறு ஆட்கள் வெட்டினார்கள். அந்த ஊர்க்காரர்கள் காபி எஸ்டேட் வேலைக்குக் கர்நாடகா போனதாகக் கேள்விப்பட்டேன். அண்ணன் மேடைக்கு மேடை விஷக் கதையைச் சொன்னார். சொல்லிச் சொல்லிக் கடைசியில் அவரே அதை நம்பினார் என்று நினைக்கிறேன். கல்யாண வீடுகளில்கூடச் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் பந்தியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, இலையை மடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

படத்திறப்பு முடிந்து ஏழு மாதம் ஆயிற்று. புரட்டாசியில் மலைக்கு பஸ் ஏறினேன். இப்போது பஸ் போகிறது. இறங்கி விசாரித்துக்கொண்டே போனேன். வீடு மாறியிருந்தது, ஓட்டு வீடு. வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முறத்தில் காளான். கிழிப்பதும் மோந்து பார்ப்பதும் எறிவதுமாக இருந்தார். கண் சரியாகத் தெரியவில்லை போல, ஒவ்வொன்றையும் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார்.

நான் யார் என்று சொன்னேன்.

“கரும்புக்காரரா?” என்றார். உட்காரச் சொல்லவில்லை. “இன்னா விசயம்?”

அவர் கணவரைக் கேட்டேன். செத்து ஆறு வருஷம் ஆயிற்றாம். “விஷம் வெச்ச வூடுன்ற பேரோடவே போயி சேந்துட்டாரு. எஸ்டேட்டுக்குப் போனா அங்கயும் ஒங்க பக்கத்து ஆளுங்க. நீ ஆக்குன சோத்த யாரும் தொடலன்னு வந்து சொல்லுவாரு.”

நான் படத்திறப்பில் எழுந்து கத்தியதைச் சொன்னேன். எழுபது வயதை நெருங்கினவர் காது கொடுத்துக் கேட்டார்.

“மைக்குல சொன்னீங்களா?”

“மைக் குடுக்கலைங்க.”

“அப்ப யாருக்கும் கேட்டிருக்காது.”

“கேக்கல.”

“அன்னிக்குக் கோயில் முன்னால மைக் தேவைப்படல. சின்னக் கூட்டந்தான். வாயத் தொறந்திருந்தா எல்லாருக்கும் கேட்டிருக்கும்.”

மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். “அது எதுக்கு இப்ப?” என்று ஒரு காளானை எறிந்தார். அவர் கணவர் உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது என்பது எனக்கே புரிந்தது. நின்றபடியே ஒன்று கேட்டேன். அன்றைக்கு மூன்று ஆம்பிளைகளில் ஒருவரும் கேட்காததை, கோயில் முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர்களில் ஒருவரும் கேட்காததை.

“அந்தப் பானைய ஏன் ஒடச்சீங்க?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இதைக் கேட்க இத்தனை வருஷமா என்கிற பார்வை.

“வேற எதுக்கு? மண்ணுப்பானை எல்லாத்தையும் குடிச்சு வெச்சுக்கும். எங்கூட்டுக் கொழந்த தவழ்ந்துகினு இருந்துச்சு, கைய வுட்டு வழிச்சுத் துன்னும். இல்லன்னா இல்லாதவ எவளாச்சும் எடுத்தும்போயி கஞ்சி காச்சிடுவா. அதான் ஒடச்சு பொதைச்சேன்.” முறத்தைக் கிளறிக்கொண்டே கேட்டார்: “ஒங்களுக்கு எழுதத் தெரியும் இல்ல?”

“தெரியும்.”

“அப்ப அத எழுதிக் குடுங்க, பேசுறவங்களாண்ட. எம் புள்ளைங்க கல்யாணத்துல எல்லாம் இதக் கேட்டாச்சு. பேத்திக்கி மாப்ள பாக்குறாங்க. அதுக்காவது கேக்காம இருக்கட்டும்.”

குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். சாப்பிடச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த பஸ்ஸில் இறங்கி வந்துவிட்டேன்.

அதனால் எழுதியிருக்கிறேன். படத்திறப்பில் பேசியவருக்கு இதில் ஒரு நகல் அனுப்புகிறேன். மாமாவுக்கு ஒன்று. எங்கள் ஊர்க் கோயில் சுவரில் ஒன்றை நானே ஒட்டப்போகிறேன். கிழித்தால் இன்னொன்று ஒட்டுவேன். காளானைப் பறித்தது அண்ணன். முதலில் தின்றதும் அண்ணன். கூட இருந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டவன் நான். பானையை அந்த அம்மா உடைத்தது அதில் இன்னொருவர் கஞ்சி காய்ச்சிக் குடித்துவிடக் கூடாது என்பதற்காக.